பழுப்பு உறை மூன்று

ஜூன் 22, ஞாயிறு

விடியலிலிருந்தே தென்மேற்குக் காற்று. கண்டக்குழியில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம், பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீர் மேல் பறக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை: கிணற்றுக் கயிறு. மூன்றாம் தென்னையில் வண்டு. மூக்குக்கண்ணாடிக் கால் ஒட்டுவது.

ஒன்றும் செய்யவில்லை. மு.ப. 10.30க்கு வாசல் படலையில் நேவி ஜீப்.

மகன் ரிஸ்வானின் கப்பல் புறப்பட்டு இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். இடையில் எந்தத் துறைமுகத்திலும் நிற்கவில்லை. எங்கே என்று சொல்லவும் மாட்டார்கள். ஜீப்பைக் கண்டதும் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். எழும்பவில்லை. எழும்பினால்தானே செய்தி உள்ளே வரும்.

இறங்கியது ஒரு பெண். வெள்ளைச் சீருடை, கையில் கொப்பி. சிங்களப் பிள்ளை. ஆனால் ஸலாம் சொன்னாள்.

"ஐயா, பயம் எடுக்க வேண்டாம். எல்லாரும் சொகம். நான் தில்ருக்ஷி. கேம்ப்ல குடும்ப நலப் பிரிவு."

பயம் எடுக்க வேண்டாமாம். எடுத்து முடிந்த பிறகு சொல்கிறாள்.

"ரெண்டு தடவ மகன் ஸ்கிரீன்ல வந்தாரு. உங்கட ஆக்கள் ஒராளும் வரல்ல. மத்த குடும்பம் எல்லாம் வந்த. யாருக்கும் சொகமில்லையா?"

"எந்த ஸ்கிரீன்?"

"கடிதம் அனுப்பின தானே. மூணு. கிடைக்கல்லையா ஐயா?"

"இல்லை" என்றேன்.

அவ்வளவு சுருக்காக வந்தது அந்தப் பொய். கொப்பியில் சிங்களத்தில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று தெரியும். பஸ் பலகைகளைப் பார்த்து நானாகப் படித்த சிங்களம் அது. 'தபால் சேரவில்லை. விசாரிக்க.'

"வியாழன் பத்து மணி. இதுதான் கடைசி ஸ்கிரீன். பொறகு கப்பல் இன்னும் தூரம் போற. மருமகளைக் கட்டாயம் கூட்டி வாங்க."

ஜீப் போனதும் அலுமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் என் கஃபன் துணி. நான் மௌத்தானால் சுற்றுவதற்கென்று ஹஜ்ஜுக்குப் போன மச்சான் கொண்டுவந்து தந்தது. இந்த வீட்டில் யாரும் கை வைக்காத பொருள். அதற்கு அடியில் மூன்று பழுப்பு உறைகள். மூன்றிலும் நங்கூர முத்திரை. மூன்றும் ஒட்டியபடி.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். யுத்த காலத்தில் எங்கள் தெருவில் ஒரு தகப்பனுக்கு மகனின் மௌத்துச் செய்தி வந்ததும் பழுப்பு உறையில்தான். பிரித்த கையோடு மண்ணில் உட்கார்ந்தவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது என் பெயருக்கே வருகிறது, "ஜனாப் மு. காசிம்" என்று. நல்ல செய்தி என்றால் பெண்சாதிக்கல்லவா போகும்? எங்கள் பக்கத்து வழக்கம், கலியாணத்தோடு மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான். ரிஸ்வான் மாம்புரிக்குப் போனவன். நல்லது எல்லாம் மாம்புரிக்கு. தகப்பனைத் தேடி வருவது வேறு என்ன?

மருமகள் நஸ்ரின் பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளை பிறக்கட்டும், பிறகு திறக்கலாம் என்று நினைத்தேன். அவள் தொலைபேசியில் கேட்டாள், "மாமா, கேம்ப்ல இருந்து ஒண்டும் வரல்லையா?" ஒரு தடவை அல்ல, நாலு தடவை. நாலு தடவையும் இல்லை என்றேன்.

இன்று திறந்தேன். முதல் உறையோடு கடிதமும் கிழிந்தது.

அழகான தமிழ்! ஒன்றும் நடக்கவில்லை! மூன்றிலும் நல்ல சமாச்சாரம்!

உள்ளே இருந்தவை:
— ஸ்கிரீனில் பேசும் நாட்கள் (இரண்டு போய்விட்டது).
— எந்நேரமும் எடுக்கக்கூடிய தொ.பே. இலக்கம். தமிழ் பேசும் ஆள் உண்டு.
— கர்ப்பிணிகளுக்குக் கேம்ப் டொக்டர், செவ்வாயும் வெள்ளியும். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போக வாகனம்.
— கூரை ஒழுகினால், கிணறு பழுதானால் அறிவிக்கலாம், ஆள் வரும். (என் கிணற்றுக் கயிறு? கேட்க வேண்டும்.)
— மனம் சரியில்லாவிட்டால் கதைக்க ஒரு மிஸ்.
— கப்பலுக்குப் பார்சல். இரண்டு கிலோ. எண்ணெய், தண்ணீர்ச் சாமான் கூடாது.

ஐந்து தடவை வாசித்தேன். பாண் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

மாம்புரி, காலை பஸ்ஸில். சம்பந்தி ஹாஜராவின் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது என் முடிவு. கலியாணத்தன்று மாப்பிள்ளையின் வாப்பாவாகிய என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தவர். முதல் பந்தியின் சஹனில், ஒரே தட்டைச் சுற்றி, அவருடைய கொழும்பு உறவு ஆறு பேர். மறக்கவில்லை. போகப் போகப் பஸ்ஸில் அதை மறுபடி நினைத்துக்கொண்டேன், மனம் இளகிவிடக் கூடாது என்று.

மூன்றாவது கடிதத்தை மட்டும் எடுத்துப் போனேன்.

நஸ்ரின் வாசலில் நின்றாள். முகம் ஊதிப் போயிருந்தது. ரிஸ்வானின் சேர்ட்டைப் போட்டிருந்தாள், பொத்தான் பூட்ட முடியாமல். "வியாழக்கிழமை மாப்பிள்ளையோட கதைக்கப் போற நீ. படத்தோட" என்றேன்.  உள்ளே பார்த்துக் கத்தினாள், "உம்மா! அவர் இருக்காரு!"

இருக்கிறார் என்பதே அவளுக்குச் செய்தி. இத்தனை நாளும் இந்தப் பிள்ளை எதை நினைத்துக்கொண்டு படுத்தது?

ஹாஜரா அடுப்படியிலிருந்து வந்தார், கையில் அகப்பை.

"ஒம்பதாம் மாசம். அந்த ரோட்டுல கொண்டு போறயா? வழியில பெத்துப் போட்டா யாரு பொறுப்பு?"

"வாகனம் அனுப்புறாங்களாம். டொக்டரும் இரிக்கி. இந்தா, வாசிங்க."

வாசித்தார். மெதுவாக வாசிக்கிற மனுசி, ஒரு சொல்லையும் விடாதவர்.

"கடந்த இரண்டு தடவையும் நீங்கள் சமூகமளிக்கவில்லை எண்டு போட்டிரிக்கே. இதென்ன, காசிம் நானா? ரெண்டு தடவை கூப்பிட்டயா?"

"தபால் வரல்ல" என்றேன்.

"இது மட்டும் எப்படி வந்த?"

"இது வந்த."

நஸ்ரின் சண்டையைக் கவனிக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். "ரெண்டு தடவையும் வந்து உக்காந்து இரிந்திருப்பாரு, மாமா. இந்தப் பக்கத்துக் கதிரை வெறுங் கதிரையா இரிந்திருக்கும். நான் கோவம் எண்டு நினைச்சிருப்பாரு."

"தண்ணி குடிக்கிறீங்களா?" ஹாஜரா.

"வேணாம்."

"தெரியும். சும்மா கேட்டன்."

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

காற்று குறையவில்லை. வண்டு மருந்து அடித்தேன்.

மதியம் தபால்காரர் அந்தோனி. கடிதம் கொண்டுவரவில்லை. சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். இந்த மனுசன் தொப்பி கழற்றி நான் கண்டதில்லை.

"நானா, கேம்ப்ல இருந்து தபால் கந்தோருக்குக் கதைச்சிருக்காங்க. மூணு கடிதம் சேரல்லையாம். மூணையும் உங்கட கையிலதானே தந்தன்?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"கடைசிக் கடிதம் தந்த நாள் இளநி வெட்டித் தந்தீங்க. செவ்விளநி. எனக்கு ஞாபகம்."

"எனக்கு வயசு போயிட்டு அந்தோனி. யோசிச்சுச் சொல்றன்."

"ஓம், யோசிங்க. மார்கழியில எனக்குப் பென்சன். இத்தனை வருசத்துல ஒரு கடிதம் துலைச்சதில்ல. போகக்குள்ள என்ட பேருல இப்படி ஒரு எழுத்தோட போக ஏலா, அதுதான்."

கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கோபப்படவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சங்கிலி கிறீச் கிறீச் என்றது, முடுக்கு வரைக்கும் கேட்டது.

யோசித்தேன். வியாழன் வரைக்கும் பொறு. இப்போது சொன்னால் ஹாஜரா வாகனத்தில் ஏறவே மாட்டார், மகளையும் ஏற விடமாட்டார். முதலில் பிள்ளை கதைக்கட்டும்.

இது நியாயமா, பயமா? இரண்டும்.

ஜூன் 25, புதன்

நாளை! நாளை!

கேம்ப் இலக்கத்துக்கு நானே எடுத்தேன். தில்ருக்ஷிதான் பேசினாள். எட்டு மணிக்கு வாகனம், முதலில் என்னை ஏற்றி, பிறகு மாம்புரி. தேசிய அடையாள அட்டை கொண்டு வர வேண்டும். ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம். கிணற்றுக் கயிறு பற்றிக் கேட்டேன். "கயிறு நீங்களே மாத்துங்க ஐயா" என்று சிரித்தாள். சரி.

பத்து நிமிடத்தைப் பிரிக்க ஹாஜராவோடு தொலைபேசியில் அரை மணி. நஸ்ரினுக்கு ஏழு. எனக்கு இரண்டு. ஹாஜராவுக்கு ஒன்று. "மாமியாருக்கு ஒண்டா?" என்றார். "இரண்டாம் பந்தி" என்றேன். வைத்துவிட்டார். இவ்வளவு காலம் காத்திருந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். சந்தோசம் அரை மணி நேரம் கூட இருக்கவில்லை.

பார்சல்: மாசிச் சம்பல், இரண்டு தடவை வறுத்தது, எண்ணெய் கசியாமல். கட்டாக் கருவாடு (கப்பலில் மணக்குமா? மணக்கட்டும்). தொதல், ஹாஜரா கிண்டுகிறார். என் சமையலை அவன் நம்பமாட்டான், ஆகவே சம்பல் போத்தலில் பெயர் எழுதவில்லை.

வெள்ளைச் சேர்ட் அயன் பண்ணினேன். மூன்று உறைகளும் மேல் பையில். மடித்தால் நெஞ்சுப் பக்கம் தடித்துத் தெரிகிறது. தெரியட்டும்.

ஜூன் 26, வியாழன்

எதிலிருந்து தொடங்குவது!

வாகனம் எட்டுக்குச் சொல்லி ஏழு ஐம்பதுக்கு வந்தது. நான் ஏழுக்கே படலையில். மாம்புரியில் நஸ்ரின் பச்சைச் சாரி, கண்ணுக்குச் சுருமா. ஹாஜரா மகளின் முதுகுக்கு மூன்று தலையணை.

கேம்ப் வாசலில் அட்டையைப் பார்த்துவிட்டு "வாங்க ஐயா" என்று சிரித்தான் காவலுக்கு நின்றவன். இந்த வாசலுக்கு இளந்தாரியாக வந்திருக்கிறேன், சேர்வதற்கு. உயரம் அரை அங்குலம் காணாது என்று அனுப்பிவிட்டார்கள். அளந்தவன் நாடாவை இழுத்துப் பிடித்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. டொக்டர் அறையில் நஸ்ரினைப் பார்க்கிற நேரத்தில் சுவரில் உயரம் அளக்கிற பலகை கண்டேன். செருப்பைக் கழற்றி நின்றேன். இப்போது இரண்டு அங்குலம் காணாது. அதுவும் பலகைப் பிழையாக இருக்கலாம்.

டொக்டர்: எல்லாம் சரி, பிள்ளை தலை கீழே, இரண்டு கிழமைக்குள்.

குடும்ப அறை. பத்துப் பதினைந்து பேர். சிங்களக் குடும்பங்கள், சிலாபத்துப் பக்கத்திலிருந்து ஒரு கத்தோலிக்கத் தாய், மடியில் ஜெபமாலை. எல்லார் பார்சலும் ஒரே மேசையில். ஏழு பார்சலில் ஐந்தில் கருவாடு, மூக்கு சொன்னது.

பத்து இருபதுக்கு எங்கள் முறை. திரை கறுப்பு. பிறகு நீலம். பிறகு என் மகன்.

மெலிந்திருந்தான். கழுத்து எலும்பு தெரிந்தது.  நஸ்ரின் எழும்பி, பக்கவாட்டில் திரும்பி நின்றாள், வயிறு தெரிய. அவ்வளவுதான். அறையிலிருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மறுபக்கம் பார்த்தார்கள். சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. நானும் திரும்பிக்கொண்டேன். திரையில் அவன் என்ன செய்தான் என்று தெரியாது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டு தடவ வந்தன் நஸ்ரின். நீ வரல்ல."

"கடிதம் வரல்லங்க. அல்லாட காவல், ஒரு கடிதம் வரல்ல."

"எப்படி வராம இரிக்கும்? கப்பல் ஏறக்குள்ள நிரப்பின பாரத்துல முதல் பேரு வாப்பாட பேரு. அவருக்கு அனுப்புங்க எண்டு நான்தான் எழுதிக் குடுத்தன்."

"ஏன் மாமாக்கு?"

"கலியாணத்துக்குப் பொறகு என்னை ஒருத்தனும் கணக்கெடுக்கல்ல எண்டு சொல்லிக்கொண்டே திரிஞ்சாரே. சரி, முதல் ஆள் நீங்கதான் வாப்பா எண்டு எழுதினன். சந்தோசப்படுவாரு எண்டு நினைச்சன்."

என் இரண்டு நிமிடத்துக்கு இன்னும் நேரமிருந்தது. காத்திருக்கவில்லை. எழும்பிப் போய்த் திரைக்கு முன்னால் மூன்று உறைகளையும் தூக்கிப் பிடித்தேன்.

"வந்த மகன். மூண்டும் வந்த. அந்தோனி என்ட கையில தந்த. நான் திறக்கல்ல. பழுப்பு உறை, என்ட பேரு. நீ மௌத்தாப் போயிட்டாய் எண்டு நினைச்சன். பிள்ளை பொறக்குறவரைக்கும் இவளுக்குத் தெரிய வேணாம் எண்டு ஒளிச்சன்."

 தில்ருக்ஷி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க ஒளிச்சீங்க?" ரிஸ்வான்.

"கஃபனுக்கு அடியில."

திரை நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவன் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான், தோள் குலுங்க. "கஃபனுக்கு அடியிலயா! வாப்பா!" பின்னால் யாரோ சிங்களத்தில் என்ன என்று கேட்க, அவன் மொழிபெயர்க்க, அவனோடு வேலை செய்கிற இயந்திர அறையே சிரித்தது.

இந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. ஹாஜரா என்னைப் பார்த்தார். "அம்பது நாள் என்ட புள்ள சோறு திண்டதில்ல. நீங்க அதை மடிச்சு வெச்சிரிந்திங்க."

உறைகளோடு நின்றேன். 

நஸ்ரின் திரும்பவேயில்லை. மகனைப் பார்த்தபடி கையை மட்டும் பின்னால் நீட்டினாள். உறைகளை அதில் வைத்தேன். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மிச்ச நிமிடங்களும் கதைத்தாள். ஏழு அல்ல, என்னுடைய இரண்டும் சேர்த்து. ஹாஜராவும் தன் ஒன்றைக் கொடுத்துவிட்டார்.

திரை கறுத்த பிறகு தில்ருக்ஷி கொப்பியைத் திறந்தாள். 'தபால் சேரவில்லை' என்ற வரியை என் கண் முன்னே வெட்டச் சொன்னேன். வெட்டினாள். பக்கத்தில் நானே தமிழில் எழுதினேன்: 'சேர்ந்தது. காசிம் திறக்கவில்லை.' கையொப்பம்.

அதோடு ஒரு முறைப்பாடும் வைத்தேன், விடுவேனா? உறையின் நிறத்தை மாற்ற வேண்டும். வெள்ளை, மஞ்சள், எதுவும் சரி. "உறை கொழும்புல இருந்து வாற ஐயா" என்றாள். "அப்ப கொழும்புக்கு எழுதுங்க." எழுதுகிறாளாம்.

முதல் பெயரை மாற்றுகிற பாரம் கேட்டு வாங்கினேன். ஹாஜராவின் பெயரை எழுதலாம் என்று. நஸ்ரின் வாகனத்தில் அதைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள். "உங்கட பேருதான் இரிக்கும். இனித் திறங்க." இன்னும் கோபம்தான். முகம் பார்க்கவில்லை. ஆனால் கிழித்தாள்.

ஜூன் 27, வெள்ளி

ஜும்ஆ முடிந்து நேரே தபால் கந்தோர். ஆட்கள் வரிசை. அந்தோனி உள்ளே கடிதம் பிரித்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: மூன்று கடிதமும் தந்தார், நான் பொய் சொன்னேன்.

"மெல்லச் சொன்னாலும் கேக்கும் நானா" என்றார் அந்தோனி. தொப்பி தலையில்தான் இருந்தது. கை கொடுத்தார்.

"இளநி எப்ப?"

"நாளைக்கு."

ஜூன் 28, சனி

கிணற்றுக் கயிறு மாற்றினேன். அந்தோனிக்கு மூன்று இளநி. கண்ணாடிக் கால் மறுபடி கழன்றது.

மாலை ஹாஜராவின் அழைப்பு. மகள் இரண்டு கோப்பைச் சோறு தின்றாளாம்.  அதைச் சொல்லத்தான் எடுத்தார்.

ஜூலை 1, செவ்வாய்

பத்து மணி. சைக்கிள் மணி, நிறுத்தாமல், ஊருக்கே கேட்க.

பழுப்பு உறை. நங்கூரம். ஜனாப் மு. காசிம்.

 இத்தனைக்குப் பிறகும் அதே பழைய பயம்.

"இஞ்ச குடுங்க, பொறகு பாக்கிறன்" என்றேன், வாய்ப் பழக்கத்தில்.

"ஏலா" என்றார் அந்தோனி. சைக்கிளிலிருந்து இறங்கிக் கைகட்டி நின்றார். "நீங்க திறந்து நான் பாத்துட்டுத்தான் போவன். மூலையை வாசிச்சீங்களா?"

வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு பார்த்தேன். உறையின் மூலையில் நீலப் பேனாவால், பிள்ளைகள் எழுதுவது போல் பெரிய பெரிய தமிழ் எழுத்து: 'பயம் எடுக்க வேண்டாம். தி.'

நடுத் தெருவில் நின்று கிழித்தேன். அந்தோனிக்காக உரக்க வாசித்தேன். நஸ்ரினுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் ஒழுங்கு செய்திருக்கிறது. வலி கண்டதும் இந்த இலக்கம். கூட இருக்க ஒரு பெண்ணுக்கு இடம். இன்னொரு தாள், கப்பலுக்குப் பிறப்புச் செய்தி அனுப்ப. இருபது சொற்களுக்குள். எழுத வேண்டியவர்: பாரத்தில் முதல் பெயருள்ளவர்.

வாசித்து முடிக்கவில்லை, சேர்ட் பையில் தொலைபேசி. ஹாஜரா. "நானா! தண்ணி உடைஞ்சிட்டு! அந்த இலக்கம் எங்க, அந்த இலக்கம்!"

கடிதம் தேவைப்படவில்லை. பத்து இலக்கமும் வாயிலேயே இருந்தது. கேம்புக்கும் எடுத்துவிட்டேன். வாகனம் புறப்பட்டதாம்.

பஸ் பத்து நாற்பதுக்கு. பஸ் நிறுத்தம் வரை அந்தோனி சைக்கிளில் பின்னால் ஏறச் சொல்கிறார். இருபது சொல்லில் ஆறு எழுதியாயிற்று: 'மகன், கடிதம் வந்தது. உடனே திறந்தேன்.' ஆறு அல்ல, ஐந்துதான். மிச்சம் பதினைந்து